பம்பை மாற்றும் முன் டைமிங்கைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே லாரி, 2008 மாடல் டாடா 1613, நானேதான் ஓட்டுகிறேன். டீசல் பம்ப் ஒழுகியதால் கழற்றி, பம்ப் கடையில் கேலிபரேஷன் (டீசல் தள்ளும் அளவைச் சரிசெய்வது) செய்து திரும்ப மாட்டினோம். அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரே வெள்ளைப் புகை, தொப்பூர் ஏற்றத்தில் அதே லோடுக்கு ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கிறது, டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது. பம்ப் கடைக்காரர் "என் வேலை சுத்தம், பட்டறையைக் கேளுங்க" என்கிறார். பட்டறையில் "பம்பே போச்சு, வேற போடணும், அரை லட்சம் ஆகும்" என்கிறார்கள். யாரை நம்புவது? – சங்ககிரி வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், பணத்தையும் எடுக்க வேண்டாம். பம்பைக் கழற்றி மாட்டிய அன்றே ஆரம்பித்த கோளாறு என்றால், மாட்டிய விதத்தில்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பம்ப் கடையில் டீசல் அளவைக் குறைத்து வைத்திருந்தால் புல்லிங் (இழுவை) குறையும், ஆனால் புகை இந்த அளவுக்கு வராது, டீசல் இப்படிக் குடிக்காது. உங்கள் வண்டியில் புல்லிங் குறைந்து, புகையும் கூடி, டீசலும் கூடியிருக்கிறது. டைமிங் பின்னால் போயிருந்தால், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது விழ வேண்டிய டீசல் தாமதமாக விழுந்தால், இப்படித்தான் ஆகும். எரியாத டீசல் குளிர்ந்த இன்ஜினில் வெள்ளைப் புகையாக வெளியே வரும், சைலன்ஸர் சூடும் கூடும். லைனில் காற்று நின்றாலும் வெள்ளைப் புகை வரலாம் என்பதால் முதலில் ஏர் எடுக்கச் சொல்லுங்கள், அதற்குச் செலவு எதுவும் இல்லை.

பம்ப் கடைக்காரர் சொல்வது பாதி சரி. அவர் பெஞ்சில் பார்ப்பது பம்பின் உள்வேலையை: ஆறு எலிமெண்டும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் தள்ளும் பகுதி) ஒரே அளவு டீசல் தள்ளுகிறதா, ஒன்றுக்கொன்று 60 டிகிரி இடைவெளியில் தள்ளுகிறதா என்பதை. அந்த 60 டிகிரியில் அரை டிகிரி முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஆனால் அந்தப் பம்ப் இன்ஜினோடு எந்த இடத்தில் சேர வேண்டும் என்பது வண்டியில் மாட்டும்போதுதான் முடிவாகிறது, அது பட்டறையின் வேலை. "கழற்றும்போது போட்ட கோட்டுக்கே நேராகத்தான் மாட்டினோம்" என்று மெக்கானிக் சொல்வார், அதைச் சும்மா ஏற்றுக்கொள்ளாதீர்கள். கேலிபரேஷனில் உள்ளே டேப்பட் (எலிமெண்டை மேலே தள்ளும் பாகம்) உயரத்தைத் தொட்டிருந்தால் டீசல் தள்ள ஆரம்பிக்கும் இடமே மாறியிருக்கும், அப்புறம் பழைய கோட்டுக்கு அர்த்தமில்லை.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? சொட்டு பார்க்கும் பழைய முறையே போதும், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும், வால்வை அழுத்தும் ராக்கரைக் கையால் ஆட்டினால் ஆடும். இதைப் பார்க்காமல் ஃப்ளைவீல் கோட்டை மட்டும் நம்பினால் ஒரு முழுச் சுற்றே தப்பிவிடும். பிறகு பம்பில் முதல் லைனின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் மாட்டி, அதன் மேல் வளைந்த சின்னக் குழாயைப் பொருத்துவார்கள். ஆக்சிலரேட்டர் லிவர் முழுசாக இழுத்திருக்க, ஹேண்ட் பம்பை அடித்தால் குழாயில் டீசல் ஓடும். இன்ஜினை ஓடும் திசையிலேயே மெல்ல மெல்லத் திருப்பும்போது, ஓட்டம் மெலிந்து சொட்டு சொட்டாக மாறும் இடம்தான் டீசல் போகத் தொடங்கும் இடம். அப்போது ஃப்ளைவீலில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்து, உங்கள் இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்பாருங்கள். கொஞ்சம் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பி நிறுத்தக் கூடாது. கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும், இல்லையென்றால் கியர் பல்லின் இடைவெளி கணக்கைக் கெடுத்துவிடும்.

டிகிரி தவறாக இருந்தால் பம்ப் நட்டுகளைத் தளர்த்தி, நீள ஓட்டை விட்டிருக்கும் இடத்தில் பம்ப் உடலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். பம்ப் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக நகர்த்தினால் டைமிங் முன்னால் வரும், அதே திசையில் நகர்த்தினால் பின்னால் போகும். பம்ப் ஷாஃப்ட் இன்ஜினில் பாதி வேகத்தில் சுற்றுவதால், பம்பில் 1 டிகிரி நகர்ந்தால் கிராங்கில் 2 டிகிரி ஆகிவிடும், அதனால் தட்டித் தட்டி நகர்த்துகிறவரிடம் கவனமாக இருங்கள். "ரெண்டு டிகிரி கூட வெச்சா புல்லிங் பிச்சுக்கும்" என்பார்கள். கட்டாயம் வேண்டாம். வறட்டுக் கடகட சத்தம், ஸ்டார்ட் செய்யும்போது பின்னடி, ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டனும் சீக்கிரம் போவது எல்லாம் அதற்குப் பின்னால் வரும். டைமிங் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றி நாசில் டெஸ்டரில் பாருங்கள், அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்). பம்பைக் கடைசியில் யோசிக்கலாம்.

பட்டறை சரிசெய்து தர மறுத்தால் என்ன செய்வது? பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வியாபாரத்துக்கு வாங்கியவரை நுகர்வோராகக் கருதாது, ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கி ஓட்டுகிறவருக்கு விலக்கு உண்டு. ஒரே வண்டியை நீங்களே ஓட்டுவதால் அந்த விலக்கைக் காட்டி வாதாடலாம். பத்து லாரி, பத்து டிரைவர் வைத்திருப்பவருக்கு அது கடினம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும், வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இனிமேல் பம்ப் கடையில் பெஞ்சில் எடுத்த டெஸ்ட் அளவைத் தாளில் வாங்குங்கள், மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பிஎஸ்6 லாரிக்கு டைமிங் வைத்தால் மைலேஜ் ஏறும் என்று ஒருவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா? – நாமக்கல் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் வண்டி காமன் ரெயில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் அழுத்தத்தோடு நிற்கும் வகை. டீசல் எப்போது விழ வேண்டும் என்பதைச் சென்சாரைப் பார்த்து ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) முடிவு செய்கிறது, பம்ப் அழுத்தத்தை மட்டும் தருகிறது. அதை நகர்த்தி வைக்க இடமே இல்லை. பிஎஸ்4 என்றால் ஒரு விசாரிப்பு வேண்டும், ஏனென்றால் அசோக் லேலண்ட் அந்தக் காலத்தில் இன்லைன் பம்போடும் (எலிமெண்டுகள் வரிசையாக இருக்கும் பழைய வகை பம்ப்) லாரி விட்டது, அவற்றில் மேலே சொன்ன வேலைக்கு இடம் உண்டு. உங்களுக்கு மைலேஜ் குறைந்திருந்தால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டயர் காற்று மூன்றையும் பார்த்துவிட்டு, ஸ்கேனர் மாட்டி ஃபால்ட் கோடு எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் காசு கொடுங்கள்.