லாட்டரிக் கடையா?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் உள்ள சிறிய அட்டை விளையாட்டுக் கடையில் மூன்றாண்டுகளாக வேலை செய்கிறேன். மேஜிக், போக்கிமான், யூ-கி-ஓ அட்டைகள்தான் சரக்கு. முதலாளி ஓய்வு பெறப்போகிறார். கடையை என்னையே எடுத்து நடத்தச் சொல்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் தஞ்சாவூரிலிருந்து அப்பா, "லாட்டரிச் சீட்டு விற்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கோபப்படுகிறார். பத்து வயதுப் பையன்கள் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு முகம் வாடி நிற்கும்போது அவர் சொல்வது சரியோ என்று எனக்கும் தோன்றுகிறது. அமெரிக்காவில் இப்படி ஒரு கடையில் வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவின் கோபத்தை மதிக்கிறேன். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்படும்வரை, சம்பளப் பணத்தைச் சீட்டில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களைப் பார்த்த தலைமுறை அது. உறை மூடியிருக்கிறது, உள்ளே இருப்பது தெரியாது, காசை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் உங்கள் கடையிலும் உண்டு. அதை மறுத்துப் பேசாதீர்கள்.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2008-இல் வந்த 'ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா' தொகுப்பில்தான் மேஜிக்கில் 'மித்திக் ரேர்' என்ற மிக அரிய அட்டை வகை அறிமுகமானது. அத்தொகுப்பில் அவை 15. சுமார் எட்டுப் பாக்கெட்டுக்கு ஒன்றில்தான் ஏதாவது ஒரு மித்திக் கிடைக்கும். அப்படியென்றால் ஒரு பையன் மனத்தில் வைத்திருக்கும் அந்த ஒரே அட்டைக்குச் சராசரியாக 120 பாக்கெட் பிரிக்க வேண்டும். அத்தொகுப்பில் பெட்டிக்கு 36 பாக்கெட். மூன்று பெட்டி தீர்ந்தும் கிடைக்காமல் போகலாம். இந்தக் கணக்கைப் பையனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் விலை ஒட்டி வைத்திருக்கும் அதே அட்டையை எடுத்துக் காட்டுங்கள். பரிசு விழுந்த சீட்டை விலை போட்டு விற்க எந்த லாட்டரிக் கடைக்காரராலும் முடியாது. உங்களால் முடியும். அதனால்தான் தனி அட்டைகளை நிறைய வைத்திருக்கும் கடையை நான் நல்ல கடை என்கிறேன்.

ஆனால் தனி அட்டைகளை விற்க, முதலில் அவற்றை யாரிடமாவது வாங்க வேண்டும். உங்கள் நேர்மைக்குச் சோதனை அந்த மேசையில்தான். நான் வேலை பார்த்த கடைக்கு ஒருநாள் மாலை, பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன் காலணிப் பெட்டி நிறைய அட்டைகளோடு வந்தான். அண்ணனுடையவை, வீட்டில் சும்மா கிடக்கின்றன, இருபது டாலர் கொடுத்தால் போதும் என்றான். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்ததில் மேல் அட்டைகளின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் வெள்ளை ஓரத்தோடு 'அண்டர்கிரவுண்ட் சீ' என்ற மேஜிக் அட்டை, 1994-ஆம் ஆண்டுப் பதிப்பு. இனி அச்சிட மாட்டோம் என்று நிறுவனமே வாக்குக் கொடுத்த அட்டைகளில் ஒன்று. அன்றைக்கே பல நூறு டாலர் பெறும். இருபது டாலர் கல்லாவில் இருந்தது, கடையில் வேறு யாரும் இல்லை. என் கை ஒரு கணம் நின்றதை இன்றும் மறக்கவில்லை. அந்த அட்டையை உறையிலிட்டு அவன் கையில் கொடுத்து, விலையையும் சொல்லி, அண்ணனையோ அம்மாவையோ கூட்டிவரச் சொன்னேன். மறுநாள் அம்மா வந்து நன்றி சொன்னார். அட்டையை எங்களிடம் விற்கவில்லை. வேறெங்கோ நல்ல விலைக்குப் போனது. முதலாளிக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை.

பாதி விலைக்கு வாங்குவதில் தவறில்லை. வாடகை இருக்கிறது, வாங்கியது மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும், அதற்குள் விலை சரியலாம். ஆனால் அந்தப் பாதி எதன் பாதி என்று விற்பவருக்குத் தெரிய வேண்டும். வாங்கும் விலைப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டுங்கள். இன்னொன்று, பாக்கெட்டை நிறுத்துப் பார்க்காதீர்கள். பழைய போக்கிமான் பாக்கெட்டுகளில் மினுங்கும் அட்டை இருந்தால் எடை சற்றுக் கூடும். கனமானதைத் தனக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைக் குழந்தைக்கு விற்பது வெறும் திருட்டு.

சரக்கு எடுப்பதில் உண்மையான சூதாட்டம் உங்களுடையது. 1994-இல் 'ஃபாலன் எம்பயர்ஸ்' என்ற மேஜிக் தொகுப்பு வந்தபோது, கேட்டதில் கொஞ்சம்தான் கிடைக்கும் என்ற பழக்கத்தில் கடைக்காரர்கள் கூடுதலாகக் கேட்டு வைத்தார்கள். அந்த முறை கேட்டது அத்தனையும் வந்து இறங்கியது. வாங்க ஆளில்லை. தேவைக்கு மேல் ஒரு பெட்டிகூடக் கேட்காதீர்கள்.

முகம் வாடும் பையன்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு விளையாட மேசை போட்டிருக்கிறீர்களா? எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று பாக்கெட். ஒன்றைப் பிரித்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். அப்படிச் சேர்ந்த அட்டைகளை வைத்து ஆடும் அந்த ஆட்டத்தில் பத்துக் காசு பெறாத அட்டை பலமுறை ஜெயித்துக் கொடுக்கும். வாடிய முகம் நிமிர்வதை அங்கே பார்த்திருக்கிறேன்.

கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சிங்கப்பூர் வரும்போது ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடைக்கு அழைத்துப் போங்கள். எட்டுக்கு ஓர் ஆள் குறைந்தால் அவரையும் மேசையில் உட்கார வையுங்கள்.