ஓப்பன்சிம் கேள்வி-பதில்: தசைக்குள் சொந்த மாறி சேர்க்கலாமா?

கேள்வி: உடலின் அசைவைக் கணினியில் போலச்செய்து பார்க்கும் ஓப்பன்சிம் மென்பொருளில், தசைக்குக் களைப்பு என்று ஒரு மாறி சேர்க்கப் பார்க்கிறேன். பைத்தானில் ‘ஆட்ஸ்டேட்வேரியபிள்’ என்று கூப்பிட்டால் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது. சி++ ஆவணத்தில் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, ஆனால் ‘புரொட்டெக்டட்’ பகுதியில். காம்போனென்ட் கிளாஸின் வழிவந்த கிளாஸ்கள்தான் அதைத் தொட முடியும். பைத்தானுக்கும் மேட்லேபுக்கும் ‘பப்ளிக்’ சமாசாரங்கள் மட்டுமே தெரியும். வீம்புக்குப் பூட்டி வைக்கவில்லை. நிலை மாறி (ஸ்டேட் வேரியபிள்) என்றால் பெயர் கொடுத்தால் மட்டும் ஆயிற்றா? அது நேரத்தோடு எப்படி மாறுகிறது என்ற வகைக்கெழுவையும், நேரத்தைப் படிப்படியாக நகர்த்திக் கணக்கிடும் இன்டகிரேட்டர் கேட்கும்போதெல்லாம் தர வேண்டும். அந்தக் கணக்கு கிளாஸுக்குள் இருந்தாக வேண்டும்.

ஆகவே சி++-இல் பிளகின், அதாவது ஓப்பன்சிமில் ஏற்றும் துணை நிரல், எழுத வேண்டியதுதான். உங்களுக்கு வேண்டிய உதாரணமே மூல நிரலோடு வருகிறது: ‘ஃபேட்டிகபிள்மசில்’. ஓப்பன்சிமில் உள்ள ‘மில்லார்ட் 2012’ என்ற தசை மாதிரியின் வழிவந்தது. களைப்பு, மீட்சி ஆகியவற்றின் காரணிகள் அதில் பிராப்பர்ட்டிகள், அதனால் மாடலின் .ஓசிம் கோப்பிலேயே அவற்றை மாற்றலாம். இயங்கும் மோட்டார் யூனிட் (ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை இழைகளும்), களைத்த மோட்டார் யூனிட் இரண்டும் நிலை மாறிகள். ‘எக்ஸ்டெண்ட்ஆட்டுசிஸ்டம்’ ஃபங்ஷனில் மாறியைச் சேர்த்து, ‘கம்ப்யூட்ஸ்டேட்வேரியபிள்டெரிவேட்டிவ்ஸ்’ ஃபங்ஷனில் வகைக்கெழுவைக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் முதல் வரியில் ‘சூப்பர்’ போட்டு மேல் கிளாஸின் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். விட்டால், தசையின் சொந்த மாறிகளான ஆக்டிவேஷனும் தசை இழையின் (ஃபைபர்) நீளமும் அம்போ.

ஆனால் இவ்வளவும் தேவைதானா என்று முதலில் பாருங்கள். இந்தக் கேள்வியோடு வருகிற பலருக்குத் தேவைப்படுவது மாடல் ஏற்கெனவே கணக்கிடும் ஒன்றைக் கோப்பில் பதிவு செய்வது மட்டும்தான். அதற்கு, மதிப்புகளை அட்டவணையாகச் சேர்த்துத் தரும் டேபிள்ரிப்போர்ட்டர் போதும். தசையின் ‘ஃபைபர்_லெங்த்’ அவுட்புட்டை அதில் இணைத்துவிட்டால் பைத்தானிலேயே வேலை முடிந்தது.

கேள்வி: ஆக்டிவ் ஃபைபர் விசையைப் படிக்கப் போனால் ‘ஸ்டேஜ்’ போதவில்லை என்று பிழை வருகிறது. அனுமதிப் பிரச்சினையா?

பதில்: இல்லை, அவசரப்பட்டதுதான் பிரச்சினை. ஓப்பன்சிமுக்கு அடியில் இருக்கும் கணக்கு எஞ்சினான சிம்பாடி, கணக்கை ‘ஸ்டேஜ்’ எனும் கட்டங்களாக வரிசையாகத்தான் போடும்: பொசிஷன், வெலாசிட்டி, டைனமிக்ஸ், ஆக்ஸெலரேஷன். விசை டைனமிக்ஸ் கட்டத்தில்தான் பிறக்கிறது. படிக்கும் முன் ‘மாடல்.ரியலைஸ்டைனமிக்ஸ்(ஸ்டேட்)’ என்று ஒரு வரி போடுங்கள். ஸ்டேட்டில் கோணத்தை மாற்றினால் கட்டம் மறுபடி கீழே இறங்கிவிடும். திரும்ப ரியலைஸ் செய்ய வேண்டும், அதாவது அந்தக் கட்டம் வரை கணக்கிட வைக்க வேண்டும். லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை போட்டுவிட்டு உள்ளே பிழையைத் தேடுகிறவர்கள் நிறைய.

கேள்வி: ‘கெட்மசில்ஸ்’ தரும் தசையில் மில்லார்டுக்கே உரிய பிராப்பர்ட்டிகள் எதுவும் தெரியவில்லை.

பதில்: கைக்கு வருவது பொதுவான ‘மசில்’ வகை. ‘மில்லார்ட்2012ஈக்விலிப்ரியம்மசில்.சேஃப்டவுன்காஸ்ட்’ வழியாக மாற்றிக்கொள்ளுங்கள். எதைத் திருத்தினாலும் ‘இனிட்சிஸ்டம்’ மறுபடி ஓடட்டும். பழைய ஸ்டேட்டை வைத்து ஓட்ட வேண்டாம்.

கேள்வி: கல்லூரிக் கணினியில் அட்மின் உரிமை இல்லை. எப்படி நிறுவுவது?

பதில்: உங்கள் ஹோம் ஃபோல்டரிலேயே மினிகாண்டா (பைத்தானையும் தொகுப்புகளையும் நிறுவித் தரும் கருவி) போட்டு, அதில் ‘ஓப்பன்சிம்-ஆர்க்’ சேனலிலிருந்து இறக்குங்கள். பைத்தான் வேலைக்கு யாரிடமும் பாஸ்வேர்டு கேட்க வேண்டியதில்லை. முதல் கேள்விக்காரரைப் போலப் பிளகின் எழுதுவதானால், எந்தப் பதிப்பு ஓப்பன்சிமுக்காகக் கம்பைல் செய்தீர்களோ அதே பதிப்பில்தான் ஏற்ற வேண்டும்.