“ஆறு வருடமாகப் பொடுகு” என்று சொன்னது சோரியாசிஸை மறைத்ததாகுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறேன். 2021 செப்டம்பரில் 5 லட்சம் ரூபாய்க்குக் குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்து, விடாமல் புதுப்பித்து வருகிறேன். 2023-இல் எனக்குச் சோரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய்) இருப்பது தெரியவந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படாததால் 2025 ஜூனில் செகுகினுமாப் ஊசி வாரம் ஒரு தடவையாக ஐந்து தடவை போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் காலையில் சேர்த்து, மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மொத்தச் செலவு 1,38,000 ரூபாய். இது அழகுச் சிகிச்சை, 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கவில்லை, ஆறு ஆண்டு நோயை மறைத்திருக்கிறீர்கள் என்று மூன்று காரணங்கள் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆறு ஆண்டு என்று இருப்பது உண்மைதான். ஆனால் பணி மருத்துவரிடம் நான் சொன்னது, “ஆறு வருஷமா தலையில பொடுகு இருக்கு” என்பது மட்டுமே. என்ன செய்யலாம்?

பதில்: மூன்று காரணங்களில் உங்களுக்கு உண்மையிலேயே ஆபத்தானது மூன்றாவதுதான். முதல் இரண்டும் இந்த 1,38,000 ரூபாயோடு முடிந்துவிடும். நோயை மறைத்தீர்கள் என்பது நிலைத்துவிட்டால் பாலிசியையே ரத்து செய்ய நிறுவனத்துக்கு வழி பிறக்கும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்பதற்கு இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள வரையறையில், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துக்குள் மருத்துவர் ஒருவர் அந்த நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ அளிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காலம் முன்பு 48 மாதங்களாக இருந்து, 2024-இல் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. எந்தக் கணக்கை எடுத்தாலும் மருத்துவர் இல்லாமல் இந்த வரையறை நிறைவேறாது. தலையில் செதில் உதிர்வதைப் பொடுகு என்று நினைத்துக் கடையில் ஷாம்பூ வாங்கித் தேய்த்தவர் எந்த நோயையும் மறைத்தவர் ஆகமாட்டார். தனக்கே தெரியாததை ஒருவர் விண்ணப்பத்தில் எப்படி எழுத முடியும்? மறைத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்தைச் சேர்ந்ததே. அவசரத்தில் எழுதப்பட்ட ஒற்றை வரியைத் தவிர, 2021-க்கு முந்தைய மருந்துச் சீட்டு எதையும் அவர்களால் காட்ட முடியாது என்றால் அந்தக் காரணம் நிற்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வரும் இப்படிப்பட்ட ஒரு வரியால் கோரிக்கை கெட்டுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் தோல் மருத்துவரிடம், நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட தேதியையும், ஆறு ஆண்டு என்பது நோயாளி பொடுகைப் பற்றிச் சொன்னது என்பதையும் குறிப்பிட்டு ஒரு சான்றிதழ் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் முதல் மருந்துச் சீட்டை அதனுடன் இணையுங்கள். மாறாக, 2021-க்கு முன்பே இதற்காக ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தால் அதை என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞரிடமாவது மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரிந்த நோயைச் சொல்லாமல் விட்டவருக்குப் பணம் மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்போது அணுகுமுறையே வேறாக இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், பாலிசிதாரரின் ஒப்புதலோடு நிரந்தரமாக விலக்கி வைக்கக்கூடிய நோய்களின் பட்டியலில் சோரியாசிஸும் இடம்பெற்றது. “இந்த நோய்க்கு இனி கோரமாட்டேன்” என்ற பொருளில் ஒப்புதல் படிவம் வந்தால், தகராறு முடியும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே வழிகாட்டுதலில்தான் உங்களுக்குக் கைகொடுக்கும் பகுதியும் இருக்கிறது. உள்நோயாளியாகவோ பகல்நேரச் சிகிச்சையாகவோ கொடுக்கும்போது பாலிசி ஏற்க வேண்டிய 12 நவீன சிகிச்சைகளில், ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் உருவாக்கப்படும் எதிர்ப்புப் புரதம்) மருந்தும் ஒன்று. செகுகினுமாப் அந்த வகை மருந்துதான். ஆகவே 24 மணி நேரக் கணக்கை மட்டும் சொல்லித் தட்டிக்கழிக்க இயலாது. ஆனால் இது தோலுக்கு அடியில் போடும் ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், எனவே புறநோயாளிச் செலவு என்று நிறுவனம் நிச்சயம் வாதாடும். உங்கள் தரப்பில் பலவீனமான இடம் இதுவே. தொடக்க ஊசிகளை மருத்துவமனைக் கண்காணிப்பில் போட்டதற்கான காரணத்தை மருத்துவர் எழுதித் தர வேண்டும். பாலிசியில் இந்தச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதற்கு மேல் கிடைக்காது.

அழகுச் சிகிச்சை என்ற வாதத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. சோரியாசிஸ் நாள்பட்ட, வலி தரும், உருக்குலைக்கும் நோய் என்று உலகச் சுகாதார மாமன்றம் 2014-இலேயே தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் முறையிடுங்கள். கோரிக்கை மறுப்பு அவர்களுடைய கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலோடுதான் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி அந்த ஒப்புதல் கட்டாயம். அந்த ஆணையத்தின் இணையப் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் சென்னை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) செல்லுங்கள். கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு, வீடியோ வழியாகவும் விசாரணை நடக்கும். அங்கே வழக்கறிஞர் ஆஜராக முடியாது என்பது என் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு லாபம். அவருடைய உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு; ஈரோட்டிலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் உங்கள் புகாரை ஏற்கமாட்டார் என்பதால், வரிசையை மாற்றிவிடாதீர்கள். இதற்கிடையே கோபத்தில் பிரீமியம் கட்டாமல் விட்டுவிட வேண்டாம். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்துவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, மறைத்தீர்கள் என்ற காரணத்தைச் சொல்லவே முடியாது. உங்கள் பாலிசிக்கு அந்தக் கெடு 2026 செப்டம்பரில் நிறைவடைகிறது.