பம்பை மாற்றும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்: பண்ணை எரிசக்தித் தணிக்கை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பண்ணைக்கு எரிசக்தித் தணிக்கை செய்து தருவதாக ஒரு நிறுவனம் கட்டணம் கேட்கிறது. பணம் கொடுத்துத்தான் செய்ய வேண்டுமா, நாமே செய்துகொள்ளலாமா?

பதில்: எரிசக்தித் தணிக்கை என்பது பண்ணையில் எங்கே எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் செலவாகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்கெடுப்பதுதான். அதில் பாதி வேலையை நீங்களே செய்துவிடலாம். செய்யவும் வேண்டும். உங்கள் கணக்கு உங்கள் கையில் இருந்தால்தான் அவர்கள் தரும் அறிக்கை சரியா என்று பார்க்க முடியும்.

கடைசி 12 மாத மின்கட்டண ரசீதுகளையும் டீசல் கணக்கையும் எடுத்து வையுங்கள். மூன்று மாத ரசீது போதாது. பாசனக் காலம், அறுவடைக்குப் பின் உலர்த்தும் காலம், கொட்டகையில் மின்விசிறி ஓடும் வெயில் காலம் எல்லாம் ஒரு சுற்று வந்தாக வேண்டும். பிறகு மின்சாரத்தில் ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை கிலோவாட், நாளுக்கு எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை நாள். மூன்றையும் பெருக்கினால் வருட யூனிட் வரும். எல்லாவற்றையும் கூட்டி ரசீதோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் நல்ல கணக்கு. ரசீது அதிகமாக இருந்தால், ஏதோ ஒன்றை எழுத மறந்திருப்பீர்கள், ஓடும் நேரத்தைக் குறைத்துப் போட்டிருப்பீர்கள், அல்லது ஏதோ ஒரு மோட்டார் இழுக்க வேண்டியதைவிட அதிகமாக இழுக்கிறது.

இங்கே பலர் தவறுவது ஓர் இடத்தில். நேம் பிளேட்டில் போட்டிருக்கும் எச்.பி. என்பது மோட்டாரின் தண்டு வெளியே தரும் திறன். 5 எச்.பி. என்றால் 3.73 கிலோவாட். மோட்டாரின் செயல்திறன் 83 சதவீதம் என்றால் முழுச் சுமையில் அது உள்ளே இழுப்பது சுமார் 4.5 கிலோவாட். மீட்டரில் ஏறுவது இந்த 4.5தான்.

பெரிய பம்ப்செட், குளிர்விப்பான், உலர்த்தி இருக்கும் பண்ணைக்குக் கருவி வைத்து அளக்கும் தணிக்கை தேவை. அதற்குப் பணம் கொடுப்பது வீண் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் நான்கைக் கேளுங்கள். தண்ணீரின் ஓட்டத்தை எதை வைத்து அளப்பீர்கள்? மோட்டார் ஓடும்போது உள்ளே போகும் கிலோவாட்டை பவர் அனலைசர் போட்டு அளப்பீர்களா? ஒவ்வொரு பரிந்துரைக்கும் மிச்சமாகும் யூனிட் எவ்வளவு என்று கணக்கோடு எழுதித் தருவீர்களா? நீங்களே பம்ப், சோலார் விற்பவர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றாலும் பரவாயில்லை, அவர்கள் எடுத்த அளவுகளை வாங்கிக்கொண்டு விலையை வேறு இடத்திலும் விசாரியுங்கள். எரிசக்தித் தணிக்கைக்கு ஐ.எஸ்.ஓ. 50002 என்ற பன்னாட்டுத் தரம் உண்டு. பண்ணைகளுக்கென்றே அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர் சங்கம் வெளியிட்ட எஸ் 612 என்ற தரமும் உண்டு. எந்த முறைப்படி செய்வார்கள் என்று கேட்டால் பதிலிலேயே ஆளின் தகுதி தெரிந்துவிடும். மோட்டாரின் நேம் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய் அறிக்கை அனுப்புகிறவருக்குக் கட்டணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்களிடம் பழைய 10 எச்.பி. பம்ப்செட் ஒன்று இருக்கிறது. புது பம்ப் போட்டால் மின்செலவு பாதியாகும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: அளந்துவிட்டுச் சொல்லலாம். ஒரு மாலைப் பொழுது போதும். 200 லிட்டர் டிரம், கடிகாரம், நீளக் கயிறு, மின் மீட்டர், இவ்வளவுதான் கருவிகள்.

பம்பை அரை மணி நேரம் ஓட விடுங்கள். கிணற்றில் நீர்மட்டம் இறங்கி ஒரு நிலைக்கு வரட்டும். ஓடாதபோது எடுத்த நீர்மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகும். மட்டம் நின்ற பிறகு தரையிலிருந்து அது எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கயிறு விட்டுப் பாருங்கள். தண்ணீர் வழக்கமாக விழும் அதே உயரத்தில் டிரம்மைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். வேறு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பம்ப் மட்டும் ஓடும் அரை மணி நேரத்துக்கு மீட்டர் எவ்வளவு நகர்ந்தது என்று குறியுங்கள். டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் கருவி) போட்டு ஆம்பியரை மட்டும் பார்த்துக் கணக்கிடலாம்தான். ஆனால் பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கை) ஊகிக்க வேண்டிவரும், அங்கே பிழை புகும்.

ஓர் உதாரணம். டிரம் 25 விநாடியில் நிரம்புகிறது, அதாவது விநாடிக்கு 8 லிட்டர். அரை மணியில் 3.68 யூனிட், அதாவது 7.36 கிலோவாட். நீர்மட்டம் 22 மீட்டர் ஆழம், தண்ணீர் விழும் இடம் தரைக்கு மேல் 6 மீட்டர், ஆக 28. குழாயின் உள்விட்டம் 63 மி.மீ., நீளம் 120 மீட்டர். இந்த ஓட்டத்துக்கு அதில் உராய்வு இழப்பு (தண்ணீர் குழாயில் உரசுவதால் பம்ப் கூடுதலாக ஏற்ற வேண்டியதற்குச் சமமான உயரம்) சுமார் 12 மீட்டர். மொத்தம் 40 மீட்டர். விநாடிக்கு 8 லிட்டரை 40 மீட்டர் ஏற்றத் தேவையான திறன்: 8 × 40 × 9.81 ÷ 1000 = 3.14 கிலோவாட். உள்ளே போனது 7.36. மொத்தச் செயல்திறன் 42.7 சதவீதம். இந்த அளவில் நல்ல பம்ப்செட் 55 சதவீதத்துக்கு மேல் தர வேண்டும். ஆக பம்ப் தேய்ந்திருக்கிறது, கடைக்காரர் சொல்வதில் உண்மை உண்டு.

ஆனால் எவ்வளவு உண்மை? இப்போது ஆயிரம் லிட்டருக்கு 0.256 யூனிட் ஆகிறது. 55 சதவீத பம்ப் போட்டு பழைய குழாயிலேயே ஓட்டினால் 0.198. மிச்சம் 22 சதவீதம், பாதி இல்லை. பம்பைத் தொடாமல் உள்விட்டம் 90 மி.மீ. குழாய் போட்டால் உராய்வு இழப்பு சுமார் 2 மீட்டராகக் குறையும், ஏற்ற வேண்டிய உயரம் 40லிருந்து 30 ஆகும். பம்பின் செயல்திறன் அப்படியே இருந்தால் அதில் மட்டும் 25 சதவீதம் மிச்சம். இரண்டையும் செய்தால் ஆயிரம் லிட்டருக்கு 0.149 யூனிட், 42 சதவீதம் குறைவு. குழாய் இவ்வளவு பெரிய விஷயமா என்றால், ஆம். அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்கு எதிராகக் குறைகிறது. குழாய் வாங்கும்போது கவனம் தேவை, கடையில் சொல்லும் மி.மீ. பெரும்பாலும் வெளிவிட்டம். சுவரின் தடிமனைக் கழித்து உள்விட்டத்தைக் கேளுங்கள்.

குழாயை மட்டும் மாற்றினால் ஒன்றைச் சோதிக்க மறக்க வேண்டாம். ஏற்றம் குறைந்ததும் பம்ப் அதிகத் தண்ணீர் தள்ளும், பல மையவிலக்கு பம்புகளில் அப்போது ஆம்பியரும் ஏறும். நேம் பிளேட் ஆம்பியரைத் தாண்டினால் மோட்டார் காயில் சூடாகிக் கருகும். புது பம்ப் வாங்கும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று அதிக ஹெட் (ஏற்றும் உயரம்) உள்ளதை வாங்குபவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. உங்களுக்குத் தேவையான ஓட்டத்தையும் ஏற்றத்தையும் எழுதிக்கொண்டு போய், அந்தப் புள்ளியில் செயல்திறன் உச்சமாக இருக்கும் மாடலை பம்பின் வரைபடத்தில் காட்டச் சொல்லி வாங்குங்கள். வரைபடம் இல்லை என்றால் அந்த பம்பை வாங்க வேண்டாம்.

புது பம்புக்குப் போகும் முன் ஃபுட் வால்வில் (உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் வால்வு) குப்பை, உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு, அடைத்த ஃபில்டர் இவற்றைப் பார்த்துவிடுங்கள். சொட்டுநீர் ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. பத்து மீட்டர் ஏற்றம் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். அடைத்த ஃபில்டர் ஐந்து மீட்டர் உயரத்தைச் சும்மா தின்கிறது.

கேள்வி: பிளக்கில் செருகினால் 30 சதவீத மின்சாரம் மிச்சம் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டிகளைத் திறந்தால் வழக்கமாக இருப்பது ஒரு சிறு கெபாசிட்டரும் ஒரு விளக்கும்தான். யூனிட்டை அளக்கும் மீட்டர் அதனால் மெதுவாக ஓடாது. சந்தேகம் இருந்தால் அதே மோட்டாரை அதே சுமையில் பெட்டியோடு அரை மணி, பெட்டி இல்லாமல் அரை மணி ஓட்டி மீட்டரைப் பாருங்கள்.

கெபாசிட்டருக்கு உண்மையான வேலை வேறு உண்டு. 4 கிலோவாட் சுமையில் பவர் ஃபேக்டரை 0.75லிருந்து 0.95க்கு உயர்த்த சுமார் 2.2 கே.வி.ஏ.ஆர். (கெபாசிட்டரின் அளவைச் சொல்லும் அலகு) கெபாசிட்டர் போதும். லைனில் ஓடும் ஆம்பியர் 21 சதவீதம் குறையும், அந்த ஒயர் சூடாகி வீணாவது 38 சதவீதம் குறையும். பவர் ஃபேக்டருக்கு அபராதம் விதிக்கும் இணைப்பு, அல்லது மோட்டார் வெகு தூரத்தில் இருக்கும் இணைப்பு என்றால் பலன் தெரியும். அதை மோட்டாரின் பக்கத்தில் வைக்க வேண்டும். மீட்டர் அருகே வைத்தால் அங்கிருந்து மோட்டார் வரை உள்ள ஒயருக்கு ஒரு பயனும் இல்லை. அளவுக்கு மீறிய கெபாசிட்டர் போட்டால் மோட்டாரை அணைக்கும் நொடியில் அதிக வோல்டேஜ் உண்டாகி காயிலைக் கெடுக்கும்.

ஒயரிலேயே எவ்வளவு போகிறது என்பதையும் பாருங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார், 8 ஆம்பியர், 200 மீட்டர் தூரம், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால் வழியிலேயே சுமார் 300 வாட் வெப்பமாகிறது. 6 சதுர மி.மீ. போட்டால் 120 வாட் அளவுக்கு இறங்கும்.

கேள்வி: மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி போட்டால் பாதி மின்சாரம் மிச்சம் என்பது?

பதில்: எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மின்விசிறியில் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் திறன் 0.8இன் மும்மடி, அதாவது 51 சதவீதமாகக் குறையும். விற்பனையாளர் சொல்லும் "பாதி" அங்கிருந்து வருகிறது. காற்றோட்டத் தேவை மணிக்கு மணி மாறும் கோழிக் கொட்டகை, சில நாள் இரண்டு வால்வும் சில நாள் ஐந்து வால்வும் திறக்கும் பாசன அமைப்பு, இவற்றுக்கு நல்ல பொருள்.

கிணற்றிலிருந்து ஒரே உயரத்தில் உள்ள தொட்டிக்கு எப்போதும் ஒரே அளவில் ஏற்றும் பம்புக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அந்த உயரத்தை எப்படியும் ஏறித்தான் ஆக வேண்டும். வேகத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் தண்ணீர் மேலே வராமலே மோட்டார் ஓடும். கருவியும் தன் பங்குக்குச் சில சதவீதம் எடுத்துக்கொள்ளும். கேட் வால்வைப் பாதி மூடி வைத்துத்தான் உங்கள் பம்ப் ஓடுகிறதா? அப்படியானால் வி.எஃப்.டி. பற்றியோ சிறிய பம்ப் பற்றியோ யோசிக்கலாம். வால்வு முழுதும் திறந்திருந்தால் அந்தப் பணத்தைக் குழாயில் போடுங்கள்.

கேள்வி: பால் பண்ணையில் குளிர்விப்பான்தான் அதிகம் இழுக்கிறது. பெரிய கம்ப்ரசர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: கம்ப்ரசருக்கு வரும் பாலின் வெப்பத்தை முதலில் குறையுங்கள். 1,000 லிட்டர் பாலை 37 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 37 யூனிட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் எடுக்கும் நல்ல இயந்திரம் என்றால் 12 யூனிட் மின்சாரம். வழியில் ஒரு தகட்டுக் குளிர்விப்பான் வைத்து, கிணற்று நீரால் பாலை 20 டிகிரி வரை இறக்கிவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. அந்தக் கிணற்று நீர் வெதுவெதுப்பாக வெளியே வரும். அதை மாடுகளுக்குக் குடிக்கக் கொடுக்கலாம். கிணற்று நீரே 25 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் பலன் குறையும் என்பதால் வாங்கும் முன் நீரின் வெப்பத்தை அளந்துவிடுங்கள்.

அதற்கும் முன், செலவே இல்லாத வேலை ஒன்று: சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் துடுப்புகளில் ஒட்டிய தூசியையும் வைக்கோல் துகளையும் துடையுங்கள். கண்டன்சர் சுவரோடு ஒட்டி, விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சும் அறையில் இருந்தால் இடம் மாற்றுங்கள்.

கேள்வி: தானிய உலர்த்தியில் எரிபொருளைக் குறைக்க வழி?

பதில்: ஈரமானி வாங்குங்கள். ஒரு டன் தானியத்தை 20 சதவீத ஈரத்திலிருந்து 14க்கு இறக்க 70 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். கவனிக்காமல் 12 வரை காய்ந்துவிட்டால் 91 கிலோ. வெளியேற்றும் நீர் 30 சதவீதம் அதிகம், எரிபொருளும் ஏறக்குறைய அப்படியே ஏறும், விற்கும் எடையிலும் 21 கிலோ போய்விடும். நீண்ட நாள் சேமிப்புக்குக் குறைந்த ஈரம் தேவைப்பட்டால் அது வேறு கணக்கு.

கேள்வி: தணிக்கை அறிக்கையில் பல பரிந்துரைகள் இருக்கின்றன. விளக்கு, குழாய், பம்ப், சோலார். எதை முதலில் வாங்குவது?

பதில்: ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை, வருடத்தில் மிச்சமாகும் பணத்தால் வகுங்கள். எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று தெரியும். குறைந்த வருடம் உள்ளது முதலில். விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுவது எளிது, ஆனால் நீண்ட நேரம் எரிபவற்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். தூசியும் ஈரமும் உள்ள கொட்டகைக்கு ஐ.பி. 65 தரம் (தூசி புகாது, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும்) கேளுங்கள்.

மிச்சங்களை அப்படியே கூட்டிக் காட்டும் அறிக்கையை ஏற்காதீர்கள். மேலே சொன்ன பம்ப் வருடத்துக்கு 1,500 மணி நேரம் ஓடினால் 11,040 யூனிட். குழாயால் 2,760, பம்பால் சுமார் 2,480 என்று தனித்தனியே மிஞ்சும். கூட்டினால் 5,240 வரும். இரண்டையும் செய்தால் உண்மையில் மிஞ்சுவது சுமார் 4,620. ஒன்று குறைத்த பிறகு மற்றது குறைக்க மீதம் இருப்பது குறைவு. சோலாரைக் கடைசியில் வையுங்கள். தேவை 11,000 யூனிட்டிலிருந்து 6,400 ஆன பிறகு வாங்க வேண்டிய தகடுகள் ஐந்தில் மூன்று பங்குதான்.

கொட்டேஷனில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "நிறுவிய இடத்திலேயே ஓட்டமும் கிலோவாட்டும் அளந்து, ஆயிரம் லிட்டருக்கு இத்தனை யூனிட்டுக்குள் வந்த பிறகே கடைசித் தவணை." நிறுவிய அன்று அதே டிரம்மை எடுத்துக்கொண்டு, அதே அரை மணி நேர மீட்டர் கணக்கை விற்றவர் முன்னிலையிலேயே செய்யுங்கள். கிணற்றின் நீர்மட்டத்தையும் அன்று குறித்து வையுங்கள். மட்டம் மாறியிருந்தால் ஏற்றத்தைத் திருத்தித்தான் பழைய அளவோடு ஒப்பிட வேண்டும்.