கைக்குழந்தை இருக்கும் அம்மாவுக்கு ஏற்ற கார்ப்பரேட் வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் சென்னை ஓ.எம்.ஆரில் ஐடி ப்ராஜெக்ட் மேனேஜர். குழந்தைக்கு 10 மாதம். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார், ஆனால் இரவு நேர மீட்டிங் அழைப்புகளைச் சமாளிக்க முடியவில்லை. சம்பளமும் பதவியும் குறையாமல் மாற வேண்டும், எந்தக் கம்பெனி நல்லது என்கிறார்.

கம்பெனி பெயர்களைத் தேடுவதில் நாளைக் கடத்தாதீர்கள். ஒரே கட்டடத்தில் ஒரு மாடி ஆறு மணிக்குக் காலியாகிவிடும், அடுத்த மாடியில் பதினொரு மணிக்கும் மீட்டிங் ஓடும். உங்கள் மாலை நேரம் கிளையன்டின் கடிகாரத்திலும் மேனேஜரின் கையிலும்தான் இருக்கிறது. அதனால் முதலில் விசாரிக்க வேண்டியது, எந்த நாட்டுக் கிளையன்ட் என்பதை.

நியூயார்க்கில் காலை 9.30 மணி மீட்டிங் என்றால் கோடையில் நமக்கு இரவு 7 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதே மீட்டிங் 8 மணிக்குப் போய்விடும், மார்ச் வரை அப்படித்தான். சரியாகக் குழந்தைக்குச் சோறு ஊட்டித் தூங்க வைக்கிற நேரம். கலிஃபோர்னியாக் கிளையன்ட் என்றால் அவர்களுடைய காலை 9 மணி நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. லண்டன் காலை 9.30 நமக்குப் பிற்பகல் 2 அல்லது 3 மணி. ஜெர்மனியும் ஏறக்குறைய அப்படியே. சிட்னி வேலைக்கு விடியற்காலையில் எழ வேண்டும், ஆனால் மாலை முழுக்க உங்களுடையது. பத்து மாதக் குழந்தை வீட்டில் இருக்கும்போது, அமெரிக்க ப்ராஜெக்ட்டிலிருந்து ஐரோப்பிய ப்ராஜெக்ட்டுக்கு மாறுவதே பல சமயம் கம்பெனி மாறுவதைவிடப் பெரிய மாற்றம். இப்போதைய கம்பெனிக்குள்ளேயே அந்த வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது கம்பெனியின் பழைய கணக்கு. பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள நிறுவனங்கள் ஆண்டறிக்கையோடு பி.ஆர்.எஸ்.ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) என்ற அறிக்கையும் தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் மூன்றாவது கொள்கையின் (Principle 3) கீழ் ஒரு சின்ன அட்டவணை: பேறுகால, பெற்றோர் விடுப்பு எடுத்தவர்களில் வேலைக்குத் திரும்பியவர்கள் எத்தனை சதவீதம், திரும்பியபின் 12 மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை சதவீதம். ஆண், பெண் தனித்தனி வரிசை.

பெண் வரிசையை மட்டும் பாருங்கள். ஆண்களின் விடுப்பு சில நாள்தான் என்பதால் அவர்கள் எண் பெரும்பாலும் உயரமாக இருக்கும், மொத்தக் கணக்கை அது அழகாக்கிவிடும். பெண் வரிசையிலும் இரண்டாவது எண்தான் முக்கியம். உதாரணத்துக்குத் திரும்பியவர்கள் 97, ஓராண்டு நின்றவர்கள் 60 என்று இருந்தால், வந்து முயன்று பார்த்து நூற்றுக்கு நாற்பது பேர் போய்விட்டார்கள் என்று அர்த்தம். மூன்று வருட அறிக்கையையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண் ஊழியர் குறைவான கம்பெனியில் நான்கு பேர் விடுப்பு எடுத்து நான்கு பேரும் இருந்தால் 100 என்று வரும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. இதே அறிக்கையில் ஆண், பெண் தனித்தனியாக வேலையை விட்டவர்கள் விகிதமும், டே கேர் வசதி எத்தனை சதவீதம் பேருக்கு என்பதும் இருக்கின்றன. பெண்கள் விலகும் விகிதம் ஆண்களைவிட வருடா வருடம் அதிகமாக இருந்தால் மேற்கொண்டு விசாரிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிகளின் சென்னை மையங்கள் பெரும்பாலும் இங்கே பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதவை, இந்த அறிக்கை கிடைக்காது. அங்கே ஆட்களைத்தான் கேட்க வேண்டும். லிங்க்ட்இன்னில் அந்த மையத்தில் நான்கைந்து வருடம் இருந்து சமீபத்தில் விலகிய பெண்கள் மூன்று பேரைத் தேடுங்கள். இப்போது உள்ளே இருப்பவர்கள் கவனமாகத்தான் பேசுவார்கள். “ஒர்க்-லைஃப் பேலன்ஸ் எப்படி?” என்று கேட்டால் “நல்லா இருக்கும்” என்றுதான் பதில் வரும். “விடுப்பு எடுத்த வருடம் உங்களுக்கு என்ன ரேட்டிங் வந்தது?” என்று கேளுங்கள். 26 வாரம் விடுப்பில் போன பெண்ணை முழு வருடம் வேலை பார்த்தவரோடு ஒரே தட்டில் வைத்து அளந்தால் கீழே தள்ளப்படுவது அவர்தான். வேரியபிள் பே (ரேட்டிங்கைப் பொறுத்து மாறும் சம்பளப் பகுதி), பதவி உயர்வு எல்லாம் அதோடு சேர்ந்து போகும். வேலை செய்த மாதங்களை மட்டும் கணக்கில் எடுக்கிறார்களா, முந்தைய வருட ரேட்டிங்கைத் தொடர்கிறார்களா என்பதில் அந்தக் கம்பெனியின் மனசு தெரிந்துவிடும்.

அவதார் அமைப்பு வெளியிடும் பெண்களுக்கான சிறந்த நிறுவனங்கள் பட்டியல் போன்றவை தேடலைத் தொடங்க உதவும். ஆனால் கம்பெனிகள் தாங்களாக விண்ணப்பித்துத்தான் அதில் இடம்பெறுகின்றன. உங்கள் டீமைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சட்டம் தருவதைச் சலுகை என்று விளம்பரம் செய்யும் இடங்களும் உண்டு. இந்தியச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கிரெச் (குழந்தைகள் காப்பகம்), அங்கே ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கும் உரிமை, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை: இதெல்லாம் குறைந்தபட்சம். இந்தப் பலன்களை வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. ஆஃபர் கடிதத்தோடு அந்தத் தாள் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை, கேட்டால் எச்.ஆருக்குத் தெரியவும் இல்லை என்றால் யோசிக்க வேண்டிய இடம்.

கிரெச் இருக்கிறது என்றதும் நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மாதக் குழந்தையைச் சேர்ப்பார்கள், கட்டணத்தில் கம்பெனி பங்கு எவ்வளவு, இடம் காலியா, எத்தனை மணிக்கு மூடுகிறார்கள்? கிரெச் ஆறரைக்கு மூடி, டீம் மீட்டிங் ஏழு மணிக்கு என்றால் அந்தக் கிரெச் உங்களுக்கு இல்லாதது மாதிரிதான். சோழிங்கநல்லூரில் கிரெச், வீடு அம்பத்தூரில் என்றால் கைக்குழந்தையோடு தினமும் அந்தப் பயணம் முடியுமா என்பதையும் கணக்குப் போடுங்கள்.

இண்டர்வியூவில் குழந்தையைப் பற்றி முதல் சுற்றிலேயே சொல்லும் கட்டாயம் இல்லை. வேலைக்கு எடுப்பதாக வாய்மொழியாகச் சொன்ன பிறகு, கையெழுத்துப் போடும் முன், வருங்கால மேனேஜரோடு தனியாக அரைமணி நேரம் கேளுங்கள். “கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் டீமில் மகப்பேறு விடுப்பு எடுத்தவர்கள் இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறார்கள்?” “போன வாரம் ஆறரைக்கு மேல் எத்தனை மீட்டிங்?” “ஆன்-கால் (அவசரத்துக்குக் கூப்பிட்டால் வேலைக்கு வர வேண்டிய) முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும்?” எண்ணில் பதில் சொல்பவரை நம்பலாம். “நாங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி” என்று மட்டும் சொல்பவரிடம் மறுபடியும் எண் கேளுங்கள்.

பேசியதை எழுத்தில் வாங்காமல் சேராதீர்கள். மேனேஜர் வாயால் சொன்ன வீட்டிலிருந்து வேலை, அவர் வேறு டீமுக்குப் போன அன்றே முடிந்துவிடும். வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ், எந்தக் கிளை, எந்த ஷிஃப்ட் என்று எச்.ஆர் மின்னஞ்சலில் வரட்டும். குழுக் காப்பீட்டில் குழந்தை முதல் நாளிலிருந்தே சேர்கிறதா என்பதும் அதே மின்னஞ்சலில் இருக்கட்டும்.

இரண்டாவது குழந்தை மனதில் இருந்தால் ஒரு கணக்கு. பிரசவ எதிர்பார்ப்புத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தக் கம்பெனியில் 80 நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு விடுப்புக்குத் தகுதி உண்டு. ப்ரொபேஷன் முடியவில்லை என்று அதை மறுக்க முடியாது. உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் அதையும் சேர்த்துத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு ராஜினாமா கொடுங்கள்.