வாசகர் கேள்வி – பதில்: பழைய மோட்டார்ஹோமும் பின்னால் வரும் காரும்

கேள்வி: ஐயா, பணி ஓய்வு பெற்றபின் நானும் என் மனைவியும் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்க எண்ணி, ஃபோர்டு எஃப்-53 சேஸியில் (அடிச்சட்டத்தில்) கட்டப்பட்ட, 32 அடி நீளமுள்ள 2003ஆம் ஆண்டு பெட்ரோல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். கம்பளத்தை எடுத்துவிட்டு டைல்ஸ் பதிக்கவும், சமையல் மேடைக்கு கிரானைட் போடவும், அலமாரிகளுக்குப் புது வண்ணம் அடிக்கவும் ஆசைப்படுகிறோம். எங்களிடம் உள்ள 2012 ஹோண்டா சிஆர்-வி காரைப் பின்னால் இழுத்துச் செல்லவும் விருப்பம். எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கூரையிலிருந்து தொடங்குங்கள். வண்ணமும் தரையும் கடைசியில் வரட்டும். இருபது வயதைத் தாண்டிய மோட்டார்ஹோமுக்கு முதல் எதிரி தண்ணீர்தான். அது வெளியே தெரியும்போது பாதி நாசம் முடிந்திருக்கும். உங்கள் வண்டியின் கூரை ரப்பர் விரிப்பால் ஆனதாக இருந்தால், ஏணி வைத்து ஏறி, காற்றோட்டத் திறப்புகள், ஏசி, ஆன்டெனா ஆகியவற்றின் ஓரங்களையும், முன்முகப்பும் கூரையும் சேரும் இணைப்பையும் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். வெடித்தும் விலகியும் கிடக்கும் பழைய சீலன்ட்டை (நீர் புகாமல் அடைக்கும் பசையை) சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் கூரைக்கென்றே விற்கப்படும், தானே பரவி மட்டமாகும் லேப் சீலன்ட்டை இட வேண்டும். சாதாரண சிலிக்கான் அங்கே சரியாக ஒட்டாது. அதைவிட, பின்னால் வேறு எதையும் தன்மேல் ஒட்ட விடாது.

அடுத்து சுவர்கள். இவ்வகை வண்டிகள் பலவற்றின் வெளிச்சுவர், மெல்லிய பிளைவுட் மேல் ஒட்டப்பட்ட ஃபைபர்கிளாஸ் தகடு. உள்ளே நீர் இறங்கினால் பிளைவுட் உளுத்து, தகடு தனியே பிரிந்து உப்பும். காலை வெயில் சாய்வாக விழும்போது வண்டியின் மூலையில் நின்று சுவர் நெடுகப் பார்த்தால் அந்த உப்பல் தெளிவாகத் தெரியும். உள்ளே மேல் அலமாரிகளின் பின் மூலைகளையும், கட்டிலுக்கு அடியில் தரை சுவரைத் தொடும் இடத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மரம் உறுதியாக எதிர்க்காமல் சற்றே அமுங்கினால், இரு ஊசி கொண்ட ஈரமானியைக் குத்தி எவ்வளவு தூரம் ஈரம் பரவியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஈரம் முழுவதும் காய்ந்து, உளுத்த மரம் மாற்றப்படும்வரை எந்தப் பரப்பையும் புதிதாக மூடாதீர்கள். அழகாக மூடப்பட்ட ஈரமான சுவரைப் போல ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை.

இப்போது, நீங்கள் கேட்காமல் விட்டதும் உங்கள் இரண்டு ஆசைகளையும் ஒன்றாகக் கட்டுவதுமான எடைக் கணக்குக்கு வருகிறேன். வண்டியின் முத்திரைத் தகட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது ஆட்கள், தண்ணீர், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்து மோட்டார்ஹோம் மட்டும் தாங்கக்கூடிய உச்ச எடை; ஜி.சி.டபிள்யூ.ஆர். என்பது பின்னால் வரும் காரையும் சேர்த்த உச்ச எடை. உதாரணமாக முதலாவது 20,500 பவுண்டு, இரண்டாவது 26,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பயணத்துக்குப் புறப்படும் நிலையில், அதாவது டாங்குகள் நிறைந்து, பாத்திரங்களும் துணிகளும் ஏற்றி, இருவரும் உள்ளே அமர்ந்த நிலையில், லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் நிறுத்திப் பார்த்ததில் 19,800 பவுண்டு வருகிறது என்றால், மோட்டார்ஹோமுக்குள் இன்னும் ஏற்றக்கூடியது வெறும் 700 பவுண்டுதான். பின்னால் இழுக்க 6,200 மிச்சம் இருப்பதாகக் கணக்கு சொன்னாலும், ஹிட்ச்சின் (காரை மாட்டும் பின்புற இணைப்பின்) மேல் 5,000 என்று பொறித்திருந்தால் 5,000தான் எல்லை.

புதுப்பிப்பும் இழுவையும் ஒரே பணப்பையிலிருந்து எடுக்கும் இரண்டு செலவுகள். 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 18 பவுண்டு எடையுள்ளது. பீங்கான் டைல்ஸ் அதன் சாந்தோடு சேர்ந்து தரை முழுக்கப் பல நூறு பவுண்டைத் தின்றுவிடும். தவிர, ஓடும் வண்டியின் உடல் முறுகிக்கொண்டே இருப்பதால் சாந்து விரைவில் வெடிக்கும். ஆகவே அந்த இரண்டையும் கைவிடுமாறு அழுத்தமாகவே சொல்கிறேன். தரைக்கு மெல்லிய வினைல் பலகை போதும். வெளியே நீளும் அறைப்பகுதியான ஸ்லைடு-அவுட் உள்ளே வரும்போது அதன் அடிப்பகுதி புதுத் தரையை உரசாமல் இருக்க இடைவெளியை முதலிலேயே அளந்துகொள்ள வேண்டும். சமையல் மேடைக்கு லாமினேட் அல்லது எடை குறைந்த மரப்பலகை பொருந்தும். அலமாரிகளுக்கு வண்ணம் அடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவி, மினுமினுப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, ஒட்டும் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்தபின் வண்ணம் அடியுங்கள். பழைய சோபாவையும் சாப்பாட்டு இருக்கையையும் தூக்கியெறிய நினைத்தால், சீட் பெல்ட் அவற்றின் சட்டத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். புதிய இருக்கையில் முறையான பிணைப்பு இல்லையென்றால், வண்டி ஓடும்போது அங்கே யாரும் உட்காரக் கூடாது.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். ஒரு கேலன் 8.3 பவுண்டு, 75 கேலன் டாங்க் நிறைந்தால் 600 பவுண்டைத் தாண்டும். முகாமில் குழாய் இணைப்பு உண்டு என்று தெரிந்தால், வழித்தேவைக்கு மட்டும் நிரப்பிக்கொள்வது பெரிய லாபம்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3514 என்றால் அது 2014ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஆண்டில் பாதி நாள் நின்றே கிடக்கும் மோட்டார்ஹோமின் டயரில் பட்டன் தேயாது, ரப்பர்தான் மூப்படையும். ஏழு ஆண்டுகளைக் கடந்ததை நம்பி நெடும்பயணம் போக வேண்டாம். பத்து ஆண்டுகளைத் தொட்டதை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், காரை இழுக்கத் தொடங்குமுன் மாற்றியே ஆக வேண்டும். கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவியின் பின்புறத்தில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். அதன் ஆயுள் பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்தான். புரொப்பேன் குழாய்களின் கசிவுச் சோதனையைத் தகுதி பெற்ற தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் சிஆர்-வி நல்ல தேர்வு. அதைப் பற்றி அடுத்த கேள்வியிலேயே சொல்கிறேன்.

கேள்வி: எங்களிடம் முன்சக்கர இயக்கமுள்ள, ஹைபிரிட் அல்லாத டொயோட்டா சியன்னா இருக்கிறது. கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு நான்கு சக்கரமும் தரையில் உருள மோட்டார்ஹோமின் பின்னால் கட்டி இழுத்தால் என்ன கெட்டுவிடும்? எத்தனையோ கார்கள் அப்படிப் போவதைச் சாலையில் பார்க்கிறோமே!
– வாசகி, ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: கியர்பாக்ஸ் கெட்டுவிடும், அம்மா. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப்பை என்ஜின்தான் இயக்குகிறது. என்ஜின் நின்ற நிலையில் சக்கரங்கள் மட்டும் உருண்டால், உள்ளே பற்சக்கரங்களும் தாங்கிகளும் சுழலும், ஆனால் அவற்றுக்கு எண்ணெய் போய்ச் சேராது. நெடுஞ்சாலை வேகத்தில் சில மணி நேரம் இப்படி ஓடினாலே பழுதுச் செலவு பெரிதாக வந்து நிற்கும். நியூட்ரல் என்பது என்ஜினைத்தான் துண்டிக்கிறது. சக்கரத்தோடு பிணைந்த பகுதிகள் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

நீங்கள் சாலையில் காணும் கார்களில் பல ஜீப் ராங்ளராக இருக்கும். அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற தனிப் பகுதியையே நியூட்ரலில் வைக்க முடிவதால், சக்கரங்களின் சுழற்சி கியர்பாக்ஸை எட்டுவதே இல்லை. ஹோண்டா சிஆர்-வியில் 2014 மாடல் வரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம். 2015இல் சிவிடி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தபின் கூடாது. எடிசன் வாசகரின் 2012 மாடலுக்கு ஒரு முறை உண்டு: என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியர் நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, டி-யிலிருந்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகு அணைத்து, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை அக்சசரி நிலையில் விட வேண்டும். வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் நீண்டால் இதே முறையை மீண்டும் செய்ய வேண்டும். எந்தக் காரானாலும் அதன் கையேட்டில் பொழுதுபோக்கு வாகனத்தின் பின்னால் இழுப்பது பற்றிய பக்கத்தைப் படித்து, அதன்படி மட்டுமே நடவுங்கள். ஒரே பெயருள்ள காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு இது மாறும்.

உங்கள் சியன்னாவின் முன்சக்கரங்களை டாலி என்ற இரு சக்கரச் சிறு இழுவண்டியின் மேல் ஏற்றி, பின்சக்கரங்கள் மட்டும் உருள இழுத்துச் செல்லலாம். நான்கு சக்கர இயக்கமுள்ள காருக்கு டாலி ஆகாது, முழு டிரெய்லர்தான் வேண்டும். டிரெய்லரே 1,500 முதல் 2,000 பவுண்டு இருக்கும் என்பதால், மேலே சொன்ன கணக்கை அப்போது இன்னும் கண்டிப்பாகப் போட வேண்டும். முகாமில் இறக்கிய டாலியை எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு சின்னத் தொல்லை.

கேள்வி: மோட்டார்ஹோமே பத்து டன்னுக்கு அருகில் இருக்கும்போது, 3,500 பவுண்டு காருக்குத் தனியாக பிரேக் கருவி எதற்கு? காரை மாட்டி இழுக்கும் டோ பார் என்ற கம்பி மட்டும் போதாதா?
– வாசகர், டென்வர், கொலராடோ

பதில்: போதாது. மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த உச்ச எடையை நிறுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது. பின்னாலிருந்து தள்ளும் 3,500 பவுண்டு அந்தக் கணக்கில் இல்லை. உங்கள் ஊரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கே போனால் ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வருகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் வலுவை இழப்பதால், ஏற்றத்தில் வண்டி திணறுவதை நீங்களே உணர்வீர்கள். ஆனால் உண்மையான சோதனை அங்கிருந்து டென்வரை நோக்கி இறங்கும் செங்குத்தான நீண்ட இறக்கத்தில்தான். கீழ் கியரில் இறங்கினாலும் பிரேக்கை மிதிக்கும் தருணங்கள் வரும்; அப்போது காரின் பிரேக்கும் சேர்ந்து பிடித்தால்தான் முன்வண்டியின் பிரேக் சூடேறித் தளர்ந்துபோகாமல் இருக்கும். பல மாநிலங்களின் சட்டமும் குறிப்பிட்ட எடைக்கு மேல் இழுக்கப்படும் வண்டிக்கு பிரேக் வேண்டும் என்கிறது. அந்த எடை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், எல்லைதோறும் சட்டம் தேடுவதை விட்டுவிட்டு பிரேக்கைப் பொருத்திவிடுவதே சரி.

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைத்து மிதிகட்டையோடு பிணைக்கும் பெட்டி ஒரு வகை. காருக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்துவது இன்னொரு வகை. மாதத்துக்கு ஒருமுறையாவது பயணம் போவோருக்கு நிரந்தர வகையே ஏற்றது என்பது என் கருத்து, ஏனெனில் ஒவ்வொரு முறையும் பெட்டியை வைத்துச் சரிசெய்யும் சிரமமே பலரை அதை வீட்டில் விட்டுச் செல்லத் தூண்டுகிறது. எந்த வகையானாலும், காரின் பிரேக் எப்போது பிடிக்கிறது என்பதை மோட்டார்ஹோமின் ஓட்டுநருக்குக் காட்டும் விளக்கு கட்டாயம் வேண்டும். தவறான அமைப்பினால் பிரேக் விடாமல் பிடித்தபடியே ஓடினால், சில மைல்களில் சக்கரம் புகையும், முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இணைப்பு அறுந்து கார் தனியே பிரிந்தால் ஊசியை இழுத்து பிரேக்கைத் தானே பிடிக்கச் செய்யும் பிரேக்-அவே சுவிட்சும், குறுக்காக மாட்டிய பாதுகாப்புக் கம்பிவடங்களும் தவிர்க்க முடியாதவை.

மற்றவை: காரின் சட்டத்தில் போல்ட் போட்டுப் பிணைக்கும் பேஸ் பிளேட் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். டோ பார் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். ஹிட்ச்சுக்கும் பேஸ் பிளேட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் மூன்று நான்கு அங்குலத்தைத் தாண்டினால், இடையே ஓர் இறக்க ஹிட்ச்சைப் போட்டு மட்டமாக்குங்கள். விளக்கு இணைப்பில் டயோடு வைத்தால்தான் மோட்டார்ஹோமின் மின்சாரம் காரின் சொந்தச் சுற்றுக்குள் திரும்பிப் பாயாது. சாவி அக்சசரி நிலையில் நாள் முழுக்கக் கிடக்கும் காரில் பேட்டரி இறங்கிவிடும் என்பதால், அதற்குச் சிறு மின்னேற்றக் கம்பி ஒன்றையும் சேர்த்து இழுத்துவிடுங்கள். மாட்டி முடித்ததும் சில அடி மெதுவாக முன்னே நகர்ந்து, டோ பாரின் இரண்டு கைகளும் முழுமையாக நீண்டு பூட்டிக்கொண்டனவா, காரின் நான்கு சக்கரங்களும் தடையின்றி உருள்கின்றனவா என்பதை ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும்.

கேள்வி: கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கிறோம். வண்டிக்கு 30 ஆம்ப் இணைப்புதான் உள்ளது. இட்லி மாவு கிரைண்டரும் வேண்டும். லித்தியம் பேட்டரிக்கும் மாற விரும்புகிறோம். முடியுமா?
– வாசகி, டிராய், மிச்சிகன்

பதில்: 120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். முழு வெப்பத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 1,800 வாட் எடுக்கும். கூரை ஏசி ஓடும்போது அதையும் போட்டால் எல்லையை நெருங்கிவிடும், கூடவே மின் வெந்நீர்க் கலமோ மைக்ரோவேவோ ஓடினால் பிரேக்கர் விழும். கிரைண்டர் இவற்றின் முன் சிறிய சுமை. ஏசியை நிறுத்திவிட்டுச் சமைக்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டால் சிக்கல் இல்லை. என்றாலும் கேஸ் அடுப்பில் ஒரு பர்னரையாவது வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பில்லாத முகாமில் தாளிப்பதற்கு அது உதவும்.

லித்தியத்துக்கு மாறும்போது பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. வண்டியின் பேட்டரியை மின்னேற்றும் பழைய கன்வெர்ட்டர் கொடுக்கும் வோல்ட்டேஜ் பொதுவாக அதை முழுதாக நிரப்பாது. என்ஜின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இணைத்தால் பேட்டரி தாராளமாக மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரையே பொசுக்கிவிடும். புதிய கன்வெர்ட்டரும், ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு டிசி-டிசி சார்ஜரும் வேண்டும். மிச்சிகன் குளிரில் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே லித்தியத்தை மின்னேற்றக் கூடாது. வெப்பமூட்டி உள்ளடங்கிய பேட்டரியை வாங்குங்கள், அல்லது அதை வண்டியின் உட்பகுதிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கார் பின்னால் மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கலாமா?
– வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: கூடாது, சில அடிகூட வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் உள்ள காரைப் பின்னோக்கித் தள்ளினால், அதன் முன்சக்கரங்கள் தாமாகவே ஒரு பக்கம் முழுதாகத் திரும்பிக்கொண்டு குறுக்கே இழுபடும். டோ பாரோ பேஸ் பிளேட்டோ வளையும். பெட்ரோல் நிலையத்தில் நுழையுமுன்பே வெளியேறும் வழி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் இறங்கிக் காரைக் கழற்றுங்கள். மோட்டார்ஹோமை வெளியே எடுத்தபின் மீண்டும் மாட்டிக்கொள்ளலாம். உங்கள் மாநிலத்தில் இரண்டும் சேர்ந்த நீளம் 65 அடிக்குள் இருக்க வேண்டும் என்பதையும், டோ பாரையும் சேர்த்து நாடா வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.