காகத்தையும் எழுதுங்கள்: வீட்டு மாடியிலிருந்து பறவைக் கணக்கெடுப்பு

கேள்வி: பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தே கலந்துகொள்ள ஆசை. மாடித் தோட்டமும் கொல்லையில் ஒரு முருங்கை மரமும் உண்டு. பத்துப் பதினைந்து பறவைகளுக்குத்தான் பெயர் தெரியும். வந்த மைனாவே திரும்பத் திரும்ப வந்தால் எப்படி எண்ணுவது? பெரும்பாலும் காகமும் புறாவும்தான் வரும் என்றால் அனுப்பிப் பயன் உண்டா?

பதில்: கடைசிக் கேள்விதான் முக்கியமானது, அதிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பும் இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில்தான் சேர்கின்றன. ஒரு முறை உட்கார்ந்து பார்த்த பறவைகளின் பதிவை அங்கே பட்டியல் என்பார்கள். அந்தத் தரவில் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது, நூறு பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை இடம்பெற்றிருக்கிறது என்ற விகிதத்தை. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையும் இதில் உண்டு, அதாவது முழுப் பட்டியல் என்று சொல்லி அனுப்பியதில் காகம் இல்லையென்றால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் காகம் இல்லை என்றே கணக்கில் ஏறும். எல்லோரும் ‘காகம்தானே’ என்று விட்டால் காகம் அருகிவரும் பறவையாகிவிடும், காகிதத்தில். 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுக்க அழியவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொல்ல முடிந்தது இப்படிச் சேர்ந்த சாதாரணப் பட்டியல்களால்தான். ஆக, காகமும் புறாவும் மட்டுமே உள்ள பட்டியலும் நல்ல பட்டியல்.

இ-பேர்டு செயலியை முதல் நாள் இரவே இறக்கி, கணக்குத் தொடங்கி, இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பையும் இறக்கிவிடுங்கள். மாடியில் சிக்னல் கிடைக்காவிட்டாலும் வேலை செய்யும். வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும்போது ஊரின் நடுவில் ஊசி குத்தாமல் உங்கள் வீட்டின் மேலேயே குத்துங்கள். ஆனால் பெயராகக் கதவு எண்ணைக் கொடுக்க வேண்டாம். அது மற்றவர்கள் கண்ணிலும் படும், தெருப் பெயர் போதும்.

ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம். ஜனவரியில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறரை மணி என்பதால் ஆறே முக்காலிலிருந்து எட்டுக்குள் பார்ப்பது நல்லது. ஒரே இடத்தில் நின்று பார்த்தால் செயலியில் அது ‘நிலையான’ வகைப் பட்டியல். மாடியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பதும் இதில்தான் சேரும், 30 மீட்டருக்குள் இருந்தால் சரி. காலை முதல் மாலை வரை சமையலுக்கு நடுவே எட்டிப் பார்த்ததையெல்லாம் ஒரே பட்டியலாகப் போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பன்னிரண்டு மணி நேரம் பார்த்ததாகப் பதிவாகும், உண்மையில் பார்த்தது அரை மணி. அதற்குப் பதில் பதினைந்து பதினைந்து நிமிடமாக இரண்டு மூன்று பட்டியல் போடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பார்த்தால் பட்டியல் ஒன்றே, பார்வையாளர் இரண்டு. அனுப்பிய பிறகு அதை மற்றவர் கணக்குக்குப் பகிர்ந்துகொள்ளலாம்.

இப்போது அந்த மைனா. ஏழு மணிக்குத் தொடங்குகிறீர்கள். 7.02க்கு மூன்று காகம், 7.06க்கு ஐந்து, 7.12க்கு இரண்டு. கூட்டிப் பத்து என்று எழுதக் கூடாது. ஒரே சமயத்தில் கண்ட அதிக எண்ணிக்கையான ஐந்துதான் கணக்கு. கம்பியில் இரண்டு மைனா இருக்கும்போதே முருங்கையில் வேறு இரண்டு வந்தால் நான்கு. ஊதாத் தேன்சிட்டில் பளபளக்கும் ஆண் முதலில் வந்து போய், பிறகு பழுப்பும் மஞ்சளுமான பெட்டை வந்தால் இரண்டு, வேறு வேறு பறவை என்று உறுதியாகத் தெரிகிறது அல்லவா? வயலுக்குப் போகும் உண்ணிக்கொக்குக் கூட்டம் 14, 9, 22 என்று ஒரே திசையில் கடந்தால் அங்கே கூட்டத்தான் வேண்டும்: 45. பெருங்கூட்டம் என்றால் முதல் பத்தை எண்ணி, அந்த அளவில் எத்தனை பத்து என்று கண்ணால் அளந்து எழுதுங்கள். எண்ணுக்குப் பதில் குறுக்குக் குறி போட வசதி உண்டு, ஆனால் தோராயமான எண்ணே அதைவிடப் பயன் தரும்.

இணையத்தில் தேடினால், மேலே பறப்பதைச் சேர்க்காதே, ஒரு மணி நேரம் பார் என்றெல்லாம் வரும். அது 1979 முதல் பிரிட்டனில் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பின் விதி. இங்கே பறந்து கடப்பதும் கணக்கு, குரல் மட்டும் கேட்டதும் கணக்கு. கூண்டுக் கிளியும் வீட்டுக் கோழியும் மட்டும் வேண்டாம்.

பெயர் பதினைந்துதான் தெரியும் என்பது தடையே இல்லை. முடிவில் செயலி, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் பதிவு செய்தீர்களா என்று கேட்கும். தெரிந்ததை எதையும் விடவில்லை என்றால் பதில் ‘ஆம்’. பெயர் தெரியாமல் நான்கு பறவை பறந்துபோனதற்காக ‘இல்லை’ போட்டால், நல்ல பட்டியல் அந்த விகிதக் கணக்குக்கு உதவாமல் போகும்.

தடுமாற வைப்பவை சில. கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக் காகம், முழுக் கறுப்பு என்றால் அண்டங்காக்கை. அதே கறுப்பில் கண் சிவந்து, அலகு வெளிறி, வால் நீண்டிருந்தால் ஆண் குயில். புதருக்குள்ளிருந்து ‘சக்… சக்…’ என்று நாக்கைத் தட்டுவது போல் மட்டும் கேட்கிறதா? குளிர்காலத்துக்கு வந்திருக்கும் கதிர்க்குருவியாக இருக்கலாம். இன்ன கதிர்க்குருவி என்று உறுதியில்லாவிட்டால் பொதுவாகக் ‘கதிர்க்குருவி’ என்றே பதியலாம். மெர்லின் செயலி குரலை வைத்துப் பெயர் சொல்லும். அதை ஜோசியம் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். பறவையைப் பார்த்தோ குரலை நீங்களே ஒப்பிட்டோ உறுதியானால்தான் பட்டியலில் ஏற்றலாம். கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே பாடிக் காட்டும், செயலி அங்கே ஏமாறும்.

மாட்டுப் பொங்கல் காலை கனுப்பிடி வைக்கும் வீடு என்றால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் காகங்கள் குவியும். தவறில்லை, வந்ததை எண்ணி, ‘சோறு வைத்திருந்தோம்’ என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ பதிந்தால் செயலி விவரம் கேட்கும், பிறகு உள்ளூர் சரிபார்ப்பாளரிடமிருந்து மின்னஞ்சலும் வரலாம். குற்றம் சாட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நிறம், அலகு, அளவு, எங்கே உட்கார்ந்திருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள், மங்கலான படமானாலும் இணையுங்கள். பெயர் தவறு என்று தெரிந்தால், அனுப்பிய பட்டியலையும் திருத்தலாம்.